காதோரக் கட்டிக்கு வந்த வெள்ளைப் பூ

எனக்குப் பதினாறு வயதில் இடது காதுக்குக் கீழே ஒரு கட்டி வந்தது. புளியங்கொட்டை அளவுதான், வலியில்லை. ஆனால் சிரித்தால் இடப்பக்க உதடு பின்தங்கியது. ஆத்தாதான் முதலில் பார்த்தாள். "என்னடி இளிப்பு இது, கோணலா?" என்று தலையில் குட்டினாள்.

அப்பா பஸ்ஸில் திருச்சிக்குக் கூட்டிப்போனார். டாக்டர் கட்டியை அழுத்திப் பார்த்தார், கண்ணை மூடச் சொன்னார், விசிலடிக்கச் சொன்னார். பொம்பளைப் பிள்ளையை விசிலடிக்கச் சொல்கிறானே என்று அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"முகத்தை அசைக்கிற நரம்புல கட்டிங்க. சின்னதா இருக்கப்பவே எடுத்தா நரம்பைக் காப்பாத்தப் பாக்கலாம். பெருத்துட்டா நரம்பையும் சேத்துத்தான் வெட்டணும். அப்புறம் அந்தப் பக்கம் அசையாது. அறுந்த நரம்பை ஒட்டுற வித்தை சீமையில இருக்காம், இங்க இல்லை" என்றார் டாக்டர்.

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷன் எப்படிச் சொல்வான்?

ஊருக்கு வந்ததும் அப்பா, "அம்மனைக் கேப்போம்" என்றார். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே இலையில் பொட்டலம் கட்டிச் சந்நிதியில் போட்டார்கள். சிவப்பு வந்தால் ஆஸ்பத்திரி, வெள்ளை வந்தால் கத்தி வேண்டாம். பூசாரி எடுத்தது வெள்ளை. "அம்மன் உத்தரவு குடுத்துட்டா" என்று அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம். கழுத்தில் தழும்பு விழாமல் போனதில் அவருக்கு நிம்மதி.

கட்டி அம்மன் பேச்சைக் கேட்கவில்லை. அது எலுமிச்சை அளவானபிறகு, அதே டாக்டர் நரம்போடு சேர்த்துத்தான் எடுத்தார். அதன்பிறகு இடது கண் மூடவில்லை. கஞ்சி குடித்தால் இடப்பக்கம் வழிந்தது. தழும்புக்குப் பயந்தவர்களுக்குத் தழும்பும் கிடைத்தது, கோணலும் கிடைத்தது. பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைக்கூட முடிக்காமல் எழுந்து போனார்கள். "எல்லாம் விதிடி" என்றாள் ஆத்தா. விதியாம் விதி!

அடுத்த கோடையில் தம்பிக்கு வயிற்றுவலி. குடல்வால் வீங்கியிருக்கிறது, உடனே அறுக்க வேண்டும் என்று உள்ளூர் டாக்டர் சொன்னார். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பினார்.

நான் வாசலை மறித்து நின்றேன். "ஏம்ப்பா, பூக்கட்டிப் பாக்கலையா?"

"வெளாடுற நேரமாடி இது? அவன் ஆம்பளைப் புள்ளை. அங்கிட்டுத் தள்ளு" என்றார்.

தள்ளி நின்றேன். தம்பி பிழைத்துக்கொண்டான். பிழைக்கட்டும், அவன் என்ன செய்வான்? ஆனால் அன்றைக்கு அந்த வாசலில் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாதி வாய்தான் சிரித்தது.