கழித்துப்போட்ட பள்ளிக்கூட மனு

கோயம்புத்தூரில் ஓர் அலுவலகத்தின் ரெக்கார்டு ரூமில் இருபத்தாறு வருஷம் இருந்தேன். என்னை யாரும் சோம்பேறி என்று சொன்னதில்லை. கொஞ்சம் சோம்பேறியாக இருந்திருந்தால் அந்த மனு பிழைத்திருக்கும்.

ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கும்போது பழைய ஃபைல்களை ஸ்கேன் செய்ய உத்தரவு வந்தது. ஒரே விஷயம் இரண்டு தாளில் இருந்தால் ஒன்றைக் கழித்துவிடலாம் என்றும் அதில் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்து ஃபைல்களில் ஒரு வழக்கம் உண்டு. ஊர்க்காரர்கள் தமிழில் எழுதிய மனுவின் மேல், அதன் சாரத்தை இங்கிலீஷில் எழுதித் தைத்திருப்பார்கள். துரை படிப்பது அதை மட்டும்தான். அடியில் இருக்கும் தமிழ்த்தாள் பூச்சி அரித்து, கூட்டெழுத்தாகக் கிடக்கும். எனக்கு ஒரு வரி ஓடாது.

சூப்பிரண்டிடம் கேட்டேன். "இங்கிலீஷ்ல சுருக்கம் இருக்குதல்லங்க? அப்பறம் ரெண்டு எதுக்குங்க? கழிச்சுப்போடுங்க" என்றார். கழித்தேன். நாலு சாக்கு அரவைக்குப் போனது. சீக்கிரம் முடித்ததற்கு மீட்டிங்கில் கைதட்டல் வேறு.

அடுத்த வருஷம் அன்னூர்ப் பக்கமிருந்து பழனிச்சாமி என்ற விவசாயி வந்தார். எழுபது வயதிருக்கும்.

"ஏனுங்க, எங்க அப்பாரு பள்ளிக்கூடத்துக்காக ஒரு மனு எழுதுனாருங்க. அதெப் பாக்கோணும்."

அப்பாரு என்றால் அப்பாவின் அப்பா. அவர் காலத்தில், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இனி இங்கிலீஷில்தான் பாடம் என்று மேலிடம் சொல்லியிருக்கிறது. தமிழே போதும் என்று ஊரில் பாதி, இங்கிலீஷ் இல்லாமல் உத்தியோகம் ஏது என்று மீதி. அப்பாரு மனு எழுதினார். பள்ளிக்கூடத்தையே மூடிவிட்டார்கள்.

"ஊருக்குள்ள, உங்க அப்பாரு இங்கிலீசு வேண்டாம்னதாலதான் நம்ம சனம் படிக்காமப் போச்சுன்னு இன்னிக்கும் சொல்றாங்க. அவரு அப்பிடி எழுதலீங்க. சின்ன வகுப்புல தமிழு, பெரிய வகுப்புல இங்கிலீசு, ரெண்டும் குடுங்கன்னுதான் கேட்டாராமுங்க. அவரு மகன், எங்கய்யன், சாகற வரைக்கும் சொன்னாரு."

ஃபைலை எடுத்தேன். இங்கிலீஷ் தாளில் இரண்டே வரி. ஊரார் இங்கிலீஷை எதிர்க்கிறார்கள், இவர்களுக்குப் பள்ளி அவசியமில்லை என்று. தமிழ்த்தாள் இருந்த இடத்தில் தையல் ஓட்டைகள்தான் இருந்தன.

கிடைக்கவில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கலாம், யார் கேட்கப்போகிறார்கள்? மனசு வரவில்லை. "தமிழ் மனு இதுல இருந்துச்சுங்க. நான்தான் கழிச்சுப்போட்டேன்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. ரெண்டு திட்டு திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

நகல் கேட்டு விண்ணப்பம் போட்டிருந்தார். இருப்பதைக் கொடுக்க வேண்டியது என் வேலை. இங்கிலீஷ் தாளை நகலெடுத்து, 'உண்மை நகல்' என்று முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு, அர்த்தமும் சொன்னேன். அவர் அதை மேஜையிலேயே வைத்துவிட்டார்.

"வேண்டாமுங்க. இதெ ஊட்டுக்குக் கொண்டுபோனா, ஊரு சொன்னது நெசம்னு ஆயிப்போகும்."

கதவு வரை போனவர் நின்றார். "அப்பாரு கையெழுத்து எப்பிடி இருந்துச்சுங்க? நாங்க ஆரும் பாத்ததில்லீங்க."

அதைக்கூட நான் பார்த்திருக்கவில்லை.

இப்போது வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். படிக்கத் தெரியாத தாளைக் கழிக்காதீர்கள். படிக்கிற ஆளைத் தேடுங்கள், கிடைப்பார்கள். நான் தேடவில்லை. இன்றைக்குக் கம்ப்யூட்டரில் அந்த ஊர்ப் பெயரைத் தட்டினால், உலகத்தில் யாருக்கும் அந்த இரண்டு வரிதான் வரும்.