காலடியில் நான்கு துளைகள்

"சாறே, அம்மை போயாச்சு" என்று டீச்சரின் மகள் ஷீபா தொலைபேசியில் சொன்னபோது சுசீந்திரம் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். பேருந்து வந்தது, ஏறத் தோன்றவில்லை. தங்கலீலா டீச்சரை அறிந்த உங்களுக்கு இந்த இழப்பை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அவரைப் பற்றி நான் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று உண்டு.

ஒரே பள்ளியில் அவர் ஓவியமும் நான் வேதியியலும் கற்பித்தோம். ஒருமுறை பிள்ளைகளை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனபோது, அகழாய்வில் கிடைத்த ஒரு மண்ஜாடியின் முன் டீச்சர் நின்றுவிட்டார். ஆட்டின் உடல், முதுகில் மூடி, குட்டையாக நான்கு கால்கள். "எத்தனை காலமா நிக்குது பாருங்க சாறே, ஒரு கால்வலியும் இல்ல" என்றார். நேரமாகிறது என்று நான் சிடுசிடுத்தேன்.

ஓய்வுபெற்றதும் ஆரல்வாய்மொழி வீட்டின் பின்புறம் ஒரு மின்சூளை வைத்து, ஆடும் ஆமையும் பன்றியுமாக ஜாடிகள் செய்ய ஆரம்பித்தார். ஜாடிகளின் மேல் பூசும் மெருகைக் கலக்க என்னைக் கூப்பிட்டார். ஆட்டின் காதுகள் ஒன்றுபோல இல்லையே என்று கேட்டேன். "ஆடு மாதிரி இருக்காண்டாம் சாறே, ஆடுன்னு தெரிஞ்சா போரும்" என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. எதுவும் ஒழுங்காக இருக்க வேண்டும் எனக்கு.

அந்த ஒழுங்குதான் வினையாயிற்று. நாகர்கோவிலில் அவருடைய முதல் கண்காட்சிக்கு நாள் குறித்தாகிவிட்டது. காய்ந்த ஜாடிகளை ஈரப்பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு காலின் அடியிலும் ஊசி குத்தியதுபோல ஒரு துளை. மண்ணில் விழுந்த குறை என்று நினைத்து, மண்குழம்பு தொட்டு ஒவ்வொன்றாக அடைத்தேன். செய்துவிட்டு எனக்கே பெருமையாக இருந்தது.

கால்கள் உள்ளே கூடானவை. அடைபட்ட காற்றும் ஈரமும் வெளியேற வழியில்லாமல் சூளைக்குள் ஜாடிகள் வெடித்தன. பல மாத உழைப்பு ஓடாகக் கிடந்தது. அதைப் பார்த்தபோதுதான் வேதியியல் வாத்தியாருக்குப் புத்தி வந்தது. டீச்சர் உடையாமல் தப்பிய ஒரு காலை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "ஒனக்கு எல்லாத்துலயும் அவசரந்தான் அம்மா" என்று ஷீபா சத்தம் போட்டாள்.

"ஆமா மக்கா, ஈரம் காயதுக்கு முன்ன வச்சிட்டேன்" என்றார் டீச்சர்.

நான் வாயைத் திறக்கவில்லை. கண்காட்சி நடக்கவில்லை. அடுத்து செய்த ஜாடிகளில் பென்சில் நுழையும் அளவுக்குத் துளை போட்டிருந்தார். ஏன் இவ்வளவு பெரிதாக என்று கேட்கும் துணிச்சல்கூட எனக்கு இருந்தது. "காத்து தாராளமா போட்டும் சாறே" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பி வந்தவர்களிடம் ஷீபா அழுதுகொண்டே அம்மாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவசரத்தில் எல்லா ஜாடிகளையும் வெடிக்கவிட்ட கதையும் வந்தது. கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. "அது அம்மைக்க தப்பில்ல மக்கா. துளைய அடைச்சது நானாக்கும்" என்றேன். 

ஷீபா எழுந்து உள்ளே போனாள். ஓர் ஆட்டு ஜாடியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். மூடியைத் திறந்தேன். உள்ளே அந்தப் பழைய மண்கால் கிடந்தது. அதன் அடியில் நான் அடைத்த துளை, அவ்வளவு நேர்த்தியாக.

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்ன அம்மை தந்தா. எப்பம் குடுக்கணும்னு கேட்டேன். சாறு ஒரு காரியம் சொல்லுவாரு, அப்பம் குடுன்னா."

அந்த ஆடு இப்போது என் மேசைமேல் நிற்கிறது. ஒரு காது சற்றுப் பெரிது. அந்தக் காலை எடுக்காமல் உள்ளேயே வைத்திருக்கிறேன். நான் சொல்வேன் என்று அவர் கடைசிவரை நம்பியிருக்கிறார். என்னைப் பற்றி எனக்கே இல்லாத அந்த நம்பிக்கைதான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது.

சொல்லிவிட்டேன், டீச்சரே. நீங்கள் கேட்க முடியாத நேரத்தில்.