சாளைக்குப் போன கம்பி

உங்கள் அம்மா கடைசி நாட்களில் உங்களைக் கிட்டே சேர்க்கவில்லை என்று ஊரில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து நீங்கள் இருவரும் அம்மா பேச்சையே எடுப்பதில்லை. எனக்கு நேரில் சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்து கோணல்மாணலாக இருந்தாலும், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அப்போது பெரியவளுக்கு ஆறு வயது. தம்பி அப்போதுதான் நாலு வார்த்தை பேசக் கற்றிருந்தான். பெரியநாயக்கன்பாளையத்துக்குப் பக்கத்தில் தோட்டத்து வீட்டில் இருந்தோம். மேட்டுப்பாளையம் ரோட்டோரம் ஒரு பவுண்டரியில் நான் பேட்டர்ன் தச்சன். இரும்பில் எதை வார்க்க வேண்டுமோ அதை முதலில் மரத்தில் செய்து கொடுப்பது என் வேலை.

அம்மாவுக்குக் காசம் என்று டவுன் டாக்டர் சொன்னார். அவள் மூச்சுப் படும் தூரத்தில் குழந்தைகள் இருக்கக் கூடாது, அவளும் உரக்கப் பேசக் கூடாது என்றார். வீட்டுக்கு வந்ததும் அவள் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, தோட்டத்துக் கோடியில் காவலுக்குப் போட்டிருந்த ஓலைச் சாளைக்குப் போய்விட்டாள். போகச் சொன்னவர் யாரும் இல்லை. அவளாகப் போனாள். வீட்டுக்கும் சாளைக்கும் நடுவே பருத்திக்காடு முழுவதும் கிடந்தது.

உங்களைப் பார்த்துக்கொள்ள என் தங்கை, உங்கள் அத்தை, வந்தாள். நான் வேலை முடிந்து வந்ததும் சாளைக்குப் போய் வாசலில் உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் அம்மா கேட்டாள்.

“ஏனுங்க, அதுகளக் கண்ணுல பாக்க வேண்டாமுங்க. பாத்தா என்ற கை சும்மா இருக்காது. அதுக பேசறது மட்டும் காதுல உளுந்தாப் போதுமுங்க. அதுக்கு ஒரு வழி பண்ணோணும் நீங்க.”

அப்போது பவுண்டரி ஆபீசில் பழைய டெலிபோனைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக மாட்டியிருந்தார்கள். மேஸ்திரியிடம் கேட்டு அதை வாங்கி வந்தேன். கரண்டு அதற்குள் டவுனுக்கு வந்துவிட்டது, நம் தோட்டத்துக்கு வரவில்லை. அதனால் பாட்டரி. வாய் வைத்துப் பேசுகிற மூடியை வீட்டுச் சுவரில் அறைந்தேன். பருத்திக்காட்டு வேலியோரமாகக் கம்பி இழுத்துக் கேட்கிற குமிழைச் சாளையில் கொடுத்தேன். அவள் அதைக் காதில் வைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு இருமல் வந்தது, குமிழ் கீழே விழுந்தது. படுத்துக்கொண்டு ஒரு கையால் அதைக் காதோடு பிடித்திருக்க அவளுக்குத் தெம்பு இல்லை.

கிராமபோனுக்கு இருப்பதுபோல ஒரு குழல் செய்து, அதன் சிறிய வாயில் குமிழைப் பொருத்தினால் சத்தம் வெளியே பரவும் என்று எனக்குத் தோன்றியது. தகரத்தில் செய்தால் கிணுகிணுவென்று அடிக்கும். மரத்தில் அப்படி வளைத்துக் கடைய நாளாகும். முறத்துக்குப் பூச, பெண்கள் காகிதத்தை ஊற வைத்து வெந்தயத்தோடு இடிப்பார்களே, அந்தக் கூழ் போதும் என்று முடிவு செய்தேன். மரத்தில் அச்சு கடைந்தேன். தங்கை காகிதம் இடித்தாள்.

“ஏனுங்கண்ணா, பவுண்டரில இரும்ப உருக்கறீங்க, ஊட்டுல பேப்பர உருக்கறீங்க. இடிச்சு இடிச்சு என்ற தோளே கழண்டுபோச்சுங்க.”

“இன்னும் கொஞ்சம் நைசா இடி அம்மணி.”

“இதுக்கு மேல நைசா இடிச்சா தோசைதான் ஊத்தோணும்.”

இங்கேதான் என் தொழில் என்னைக் கவிழ்த்துவிட்டது. உருக்கிய இரும்பு ஆறும்போது சுருங்கும். அதனால் பேட்டர்ன் தச்சனின் அளவுகோலில் ஓர் அடி என்பது, மற்றவர்களுடைய அடியைவிட ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், நீளமாக இருக்கும். வருஷக்கணக்கில் அந்தக் கோலோடு புழங்கிய கை. காகிதமும் காயும்போது சுருங்குமே என்று அடிக்கு ஒரு நூல் கூட்டி அச்சைக் கடைந்து, கூழை அப்பி, வெயிலில் வைத்துவிட்டேன். காகிதம் இரும்பைப் போல மரியாதையாகச் சுருங்கவில்லை. அச்சை இறுகக் கவ்விக்கொண்டு கழுத்திலிருந்து வாய் வரை வெடித்தது. அச்சிலிருந்து பிரியவும் இல்லை, செதுக்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

தங்கை வெடிப்பில் விரலை விட்டுப் பார்த்தாள். “பாதி காஞ்சப்பவே கழட்டியிருக்கோணுமுங்க. நீங்க என்னமோ கோல வெச்சு அளந்துட்டே இருந்தீங்க, பெரிய கணக்காக்கும்னு நானும் வாய மூடிட்டு நின்னுட்டேன்.”

மறுபடி செய்ய நினைத்தபோது மழை பிடித்துக்கொண்டது. கூழ் காயவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பி உலர்த்தினோம். அந்த மழையில்தான் அம்மா முதல் தடவை ரத்தம் துப்பினாள். மழை அதைப் பெரிதாக்கியதா, இல்லை அது பாட்டுக்கு வந்ததா, எனக்குத் தெரியாது. குழல் முந்துமா நோய் முந்துமா என்று மட்டும் மனசு அடித்துக்கொண்டது.

இரண்டாவது குழல் நன்றாக வந்தது. பவுண்டரிக்கு மெஷின் வந்திறங்கிய பெட்டிப் பலகைகளை இழைத்து அதற்கு ஒரு கூடு செய்தேன். எலி கடிக்காமல் இருக்கவும், ஓலைச் சுவரோடு ஆடாமல் நிற்கவும் கூடு வேண்டும். முதலில் மாட்டிப் பார்த்தபோது பலகை குழலோடு சேர்ந்து வண்டு மாதிரி ரீங்கரித்தது. இரண்டுக்கும் நடுவே கழிவுப் பஞ்சை அடைத்தேன், ரீங்காரம் நின்றது. அம்மா கட்டிலில் படுத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க, ஊமத்தம்பூவுக்குப் பொட்டி கட்டியாந்தீங்களாக்கும்?”

“சித்தெ பேசாம படு. இப்பப் பூவு பேசும் பாரு.”

வீட்டுக்கு ஓடிவந்து உங்களை மூடிக்கு முன்னால் நிறுத்தினேன். தம்பி அதை நக்கிப் பார்த்தான். பெரியவளே, நீ கையைக் கட்டிக்கொண்டு, வாத்தியார் முன்னால் நிற்பதுபோல இரண்டாம் வாய்ப்பாடு ஒப்பித்தாய். நான் திரும்பச் சாளைக்கு ஓடினேன். சத்தம் மெல்லியதுதான். ஆனால் அந்தக் காட்டு அமைதியில் ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக விழுந்தது. அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள், இருமினால் கேட்காமல் போய்விடுமே என்று.

அன்றிலிருந்து நீ தினமும் பேசினாய். சாளையிலிருந்து பேச மூடி இல்லை. பதிலை நான் கொண்டுவருவேன். “அம்மா என்ன சொன்னாங்க?” என்று நீ வாசலுக்கே ஓடிவருவாய். ஏழாம் வாய்ப்பாட்டில் ஒரு வரி விட்டுவிட்டாய் என்றாள், தம்பிக்குச் சளி பிடித்திருக்கிறது, மூக்கடைத்துப் பேசுகிறான் என்றாள் என்று சொல்வேன். ஒன்றுகூட நானாகச் சேர்த்தது கிடையாது. அத்தனையும் அவள் வாயிலிருந்து வந்தவை.

நல்லது மட்டும் கம்பியில் போகும் என்று நான் நினைத்துவிட்டேன். ஒரு சாயங்காலம் நான் வேலையிலிருந்து திரும்பியபோது, வாய்க்கால் மேட்டில் அம்மா உட்கார்ந்திருந்தாள். புடவையெல்லாம் சேறு. பருத்திச் செடியைப் பிடித்துப் பிடித்துப் பாதித் தூரம் வந்திருக்கிறாள். மோரைக் கொட்டியதற்காக அத்தை தம்பியை ஓர் அடி அடித்திருக்கிறாள், அவன் மூடிக்குப் பக்கத்திலேயே நின்று வீறிட்டிருக்கிறான்.

“அளுவறான் அளுவறான், ஆரும் எடுக்கவே மாட்டேங்கறாங்க. நான் எந்திரிக்காம எப்படீங்க இருப்பேன்?”

அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் கிடத்தினேன். எடையே இல்லை. எனக்குக் கோபம் யார்மேல் என்றே தெரியாமல் வந்தது. இடுக்கியை எடுத்துக்கொண்டு, “இந்தக் கம்பிய அறுத்துப்போடறேன். உன்னக் கொல்றதுக்கா இத இளுத்தேன்?” என்றேன்.

அவள் என் கையைப் பிடிக்கக்கூட எழவில்லை.

“அறுக்காதீங்க. பெத்தவளுக்கு அளுவாச்சியும் வேணுமுங்க. நல்லது மட்டும் கேட்டுட்டுக் கிடக்க நானென்ன விருந்தாளியா?” என்றாள். பிறகு, “இனி எந்திரிக்க மாட்டேன். சத்தியமுங்க. அது கெடக்கட்டும்,” என்றாள்.

இடுக்கியைக் கீழே வைத்தேன். அதற்குப் பிறகு அவள் எழவில்லை. எழ முடியவும் இல்லை.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் கழிந்த நேரம். பவுண்டரி லீவு, நான் சாளையில் அவள் பக்கத்தில் இருந்தேன். வெடித்த பருத்தியை எடுக்க அத்தை காட்டுக்குப் போயிருந்தாள். குழலில் நீங்கள் இருவரும் புளியங்கொட்டைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள். “எனக்கு, எனக்கு” என்று தம்பி. “உனக்கு எண்ணவே தெரியாது, போடா” என்று நீ. அம்மாவின் கண் குழல் பக்கமே இருந்தது. மூச்சு ஒன்று பெரிதாக வந்தது. அடுத்ததற்கு நான் காத்திருந்தேன். குழலில் தம்பி கொட்டைகளை வாரி இறைக்கும் சத்தம் கேட்டது, நீ சிரித்தாய். அடுத்த மூச்சு வரவில்லை.

அவள் கண்களை மூடிவிட்டுப் பருத்திக்காட்டு வழியே நடந்தேன். வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது தம்பி தரையில் தூங்கிப்போயிருந்தான். நீ முக்காலிமேல் ஏறி மூடிக்கு வாயைக் கொடுத்து நின்றிருந்தாய். என்னைத் திரும்பிப் பார்த்தாய். உடனே மறுபடி மூடிப் பக்கம் திரும்பிச் சொன்னாய்:

“அம்மா, அப்பா வந்துட்டாருங்க. அளுதிருக்காராட்டம் இருக்குது. சித்தெ இருங்க, என்னன்னு கேட்டுச் சொல்றேன்.”

பாட்டரியை நிறுத்த எனக்குக் கை வரவில்லை. உன்னை முக்காலியிலிருந்து இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். மூடி உன் தலைக்கு நேராகத்தான் இருந்தது. என்னவென்று நீ கேட்டாய். அந்தக் கேள்வியும், நான் சொன்ன பதிலும், அதற்குப் பிறகு நீ அழுததும், எல்லாமே அந்தக் கம்பி வழியாக அங்கே போய்க்கொண்டிருந்தன.