அத்திம்பேரின் சந்தேகங்கள்

என் அக்காவின் கணவர் எந்த ஓட்டலிலும் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்ததில்லை. கல்யாணமான புதிதில் எங்களையெல்லாம் மயிலாப்பூரில் ஓர் ஓட்டலுக்கு டிபன் சாப்பிட அழைத்துப் போனார். சுவரோர மேஜை காலியாகும்வரை எல்லோரையும் நிற்க வைத்தார். காபி வந்ததும் தன் டம்ளரை அக்காவிடம் தள்ளிவிட்டு அவளுடையதை எடுத்துக்கொண்டார். "உங்களுக்கு யார் அத்திம்பேர் விஷம் வைக்கப் போறா?" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "யார்னு தெரிஞ்சா பயமே இல்லையே" என்றார்.

ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு தொழிற்சாலையில் அவருக்குத் தரப் பரிசோதனை வேலை. குறை கண்டுபிடிப்பதற்கே சம்பளம் என்பதால் அந்தக் குணம் அங்கே நல்ல பெயர் வாங்கித் தந்தது. வீட்டில் அப்படியில்லை. பக்கத்து ஃபிளாட்காரர் கதவைச் சாத்தும் சத்தத்தில்கூட அவருக்கு ஏதோ உள்நோக்கம் கேட்டது. அக்கா போனை வைத்ததும் யாரோடு பேசினாள், என்ன பேசினாள் என்று கேள்வி வரும். "சுபாவம் அப்படி. மத்தபடி தங்கமான மனுஷன்" என்பாள் அம்மா. அதுவும் பொய்யில்லை. பெண்ணுக்கு அம்மை போட்டபோது லீவு போட்டுவிட்டு அவளருகிலேயே கிடந்தவர் அவர்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். ஆழ்வார்பேட்டையில் அவருடைய தம்பியின் ஸ்கூட்டர் சறுக்கி, பின்னால் வந்த லாரி ஏறிவிட்டது. அத்திம்பேர் முழுதாக நம்பிய ஒரே மனிதன் அவன். அவர் அழவே இல்லை. காரியங்கள் முடிந்த அன்று என்னைத் தனியே அழைத்து, "அந்த லாரி டிரைவர் நேத்திக்கு நம்மாத்து வாசல்ல நின்னுண்டிருந்தான்" என்றார். அவன் இன்னும் ஜெயிலில்தான் இருக்கிறான் என்று சொன்னேன். "அப்படித்தான் சொல்லச் சொல்லியிருப்பா" என்றார்.

பிறகு தூக்கம் போயிற்று. வேலைக்குப் போவது நின்றது. அடையாறு ஃபிளாட்டின் ஜன்னல்களில் செய்தித்தாள் ஒட்டினார். அடுத்து தன் பெண்ணுக்குத்தான் குறி என்று சொல்லி அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்தும் நிறுத்திவிட்டார்.

ஒரு மதியம் தி.நகரில் என் ஆபீசுக்கு அக்கா போன் செய்தாள். குரல் கிசுகிசுப்பாக வந்தது. "அடுத்தாத்துலேர்ந்து பேசறேன். கொழந்தையை ரூம்ல வெச்சுப் பூட்டிட்டார். கத்தியோட வாசப்படில உக்காந்துண்டிருக்கார். நீ வாயேன்." ஆட்டோக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாமா, ஆஸ்பத்திரி கேஸா?" என்றார். "அடையாறு, சீக்கிரம் போங்கோ" என்று ஏறி உட்கார்ந்தேன்.

அறை வாசலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் காய் நறுக்கும் கத்தி. உள்ளே குழந்தையின் சத்தமே இல்லை. அழுதால் கொல்ல வருகிறவர்களுக்குக் கேட்டுவிடும் என்று அப்பா சொல்லியிருந்தாராம். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எந்த வாதமும் செய்யாமல் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"தூங்கி எத்தனை நாளாச்சு அத்திம்பேர்?"

"அவன் போனதுலேர்ந்து தூங்கலை."

"நான் முழிச்சுண்டு பாத்துக்கறேன். நீங்க செத்த நாழி கண்ணை மூடிக்கோங்கோ."

என்னையே பார்த்தபடி கத்தியைத் தரையில் வைத்தார். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு, தம்பியின் பெயரைச் சொல்லி அழுதார். சாவி தரையில் என் பக்கமாகச் சறுக்கி வந்தது.

மனநல டாக்டர் எங்களிடம் பொறுமையாகப் பேசினார். "சந்தேகம் இவர் சுபாவத்திலேயே இருந்திருக்கு. அது மட்டும்னா அதோடவே வாழ்ந்திருப்பார். தம்பியோட சாவு சரியா அந்த இடத்துல விழுந்திருக்கு. இப்ப வந்திருக்கிறது நோய். நோய்க்கு மாத்திரை தரேன். சுபாவத்துக்கு மாத்திரை கிடையாது."

மருந்து வேலை செய்தது. லாரி டிரைவர் வருவது நின்றது. அத்திம்பேர் மறுபடி வேலைக்குப் போனார். மாரடைப்பில் இறக்கும்வரை, பக்கத்து ஃபிளாட்காரரை மட்டும் அவர் நம்பவில்லை.

அக்காவின் பெண் இப்போது பெங்களூரில் தனியாக இருக்கிறாள். கெட்டிக்காரி, யாரிடமும் சட்டென்று ஒட்டமாட்டாள். சமீபத்தில்தான் விவாகரத்து ஆயிற்று. நேற்று போனில் ஏதேதோ பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று குரலைத் தாழ்த்தினாள்.

"சித்தி, அம்மாகிட்ட சொல்லாதே. அப்பாவுக்கு மொதல்ல எப்படி ஆரம்பிச்சுது?"

"நாளைக்கே கிளம்பி வரேன்" என்றேன். "நீ சரியாத் தூங்கறியோ?"