கழலாத ஆக்சிஜன்

வில்லாபுரத்து சபிஹாவின் முனைவர் பட்டப் பதிவு இந்த மாதத்தோடு காலாவதியாகிறது. ஆய்வேடு தயார். வழிகாட்டி ஹரிநாராயணன் கையெழுத்துதான் பாக்கி.

சிலிக்கான் அணுவின் நாலு பக்கமும் வெவ்வேறு துணைகள் ஒட்டியிருந்தால், அந்த மூலக்கூறு இடக்கை, வலக்கை போல இரண்டு வடிவில் வரும். அந்த நாலில் ஒன்றான ஆக்சிஜன் கழன்று, தண்ணீரின் ஆக்சிஜன் வந்து சேரும்போது வலக்கை இடக்கையாகுமா? ஆகாது என்று ஹரிநாராயணன் எப்போதோ கட்டுரை எழுதிவிட்டார். ஒளியைச் செலுத்திப் பார்த்திருக்கிறார். வினைக்குப் பிறகும் ஒளி அதே பக்கம் திரும்பியது; வலக்கை வலக்கையாகவே இருக்கிறது என்று முடிவு கட்டினார். சபிஹாவின் முதல் இரண்டு அத்தியாயங்களும் அதன் மேல்தான் நிற்கின்றன.

மூன்றாவதில் அவள் எடை கூடிய ஆக்சிஜனை அடையாளமாக ஒட்டி, சாதாரணத் தண்ணீரில் வினையை நடத்தினாள். ஆக்சிஜன் மாறியிருந்தால் எடை குறைய வேண்டும். குறையவில்லை. எதுவும் கழலவே இல்லை; வலக்கை மாறாததற்கு அதுதான் காரணம்.

"ஓடாத குதிரைக்கு, நேரா ஓடுச்சுன்னு கப்பு குடுத்திருக்காருக்கா," என்றான் பக்கத்து மேஜை வீரணன். "சார்ட்ட நீங்க சொல்லுங்க, நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்றேன்."

அவள் போய்ச் சொன்னதும் ஹரிநாராயணன் கோபப்படாமல் காபி வரவழைத்துக் கொடுத்தார். அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

"மூணாவது சாப்டரை எடுத்துரும்மா. நாளைக்கே கையெழுத்துப் போடுறேன்."

வீட்டில் கணவன் மன்சூர் மீன் குழம்பைப் பிசைந்தபடி கேட்டான். "எடுத்தாத்தான் என்ன சபி? எம்புட்டுப் பேரு படிக்கப்போறாக?"

"எடுத்தா முதல் ரெண்டும் தெரிஞ்சே சொன்ன பொய்யாயிரும்ங்க."

"வேற சாரு கிட்ட மாறிக்க."

"மாறுறதுக்கும் அவருதான் கையெழுத்துப் போடணும்."

மன்சூர் ஒரு துண்டு மீனை அவள் தட்டில் வைத்தான்.

மறுநாள் அவள் சொன்னாள்: "ஒருவாட்டி உங்க கையாலயே செஞ்சு பாருங்க சார்."

அவரால் மறுக்க முடியவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் செய்து முடித்தார். சாயங்காலம் எடை பார்க்கும் கருவியின் திரையில் கோடு பழைய இடத்திலேயே நின்றது.

"வினையைத் தூண்டுற கேட்டலிஸ்ட் பழசும்மா, அதான் நடக்கல. புதுசுக்கு ஆர்டர் போடுவோம்."

"அது வர்றதுக்குள்ள என் பதிவு முடிஞ்சிரும் சார்."

"தெரியும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கருவி, யார் சோதனை செய்தாரோ அவர் பெயரையும் சேர்த்தே அச்சடிக்கும். ஹரிநாராயணன் பெயரோடு வந்த தாளை மூன்றாவது அத்தியாயத்தில் சேர்த்து, ஆய்வேட்டை அவர் மேஜையில் வைத்தாள். தினமும் போய்ப் பார்க்கிறாள். வைத்த இடத்திலேயே இருக்கிறது.