திறக்காமல் அழிக்கச் சொன்ன கணக்கு

என் கலியாணத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது அம்மா எனக்கு ஒரு வேலை தந்தார். கம்பியூட்டரில் இருந்த தன்னுடைய கணக்கை நான் அழித்துவிட வேண்டும்.

"மாப்பிள்ளை இஞ்சை வந்து இருக்கப்போறார். கம்பியூட்டரைப் போட்ட உடனை என்ரை பேரும் முருகன்ரை படமும் வந்தால் வடிவில்லை" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "பழைய சம்பந்தங்களின்ரை படமெல்லாம் அதுக்குள்ளை கிடக்கு. புது மாப்பிள்ளை பாத்தால் என்ன நினைப்பார்? நீ உள்ளுக்கை ஒண்டையும் திறந்து பாராமல் அப்பிடியே அழிச்சுப்போடு."

அம்மா சொன்னதில் ஞாயம் இருந்தது. எனக்கு முன்னால் வரிசையில் நின்ற அத்தனை மாப்பிள்ளைமாரையும் என் புருசன் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடிப்பதை நினைக்க எனக்கே சிரிப்பு வந்தது.

உரும்பிராயில் எங்கள் வீட்டில் அம்மாவும் நானும் ஒரு நாயும்தான். அப்பா நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே காலமாகிவிட்டார். நான் கந்தோரில் கிளாக் வேலைக்குச் சேர்ந்த கையோடு அம்மா எனக்குச் சம்பந்தம் தேடத் தொடங்கினார். தரகர் அனுப்பும் படங்களையும் சாதகக் குறிப்புகளையும் என் கம்பியூட்டரில்தான் சேர்த்து வைப்பார். நானும் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு படத்தையும் பெருப்பித்துப் பார்த்து, ஒருவரின் மீசையையும் இன்னொருவரின் கூலிங் கிளாஸையும் நக்கலடிப்பேன். ஒருநாள் அம்மாவுக்குப் பத்திக்கொண்டு வந்துவிட்டது. "எனக்கெண்டு தனி எக்கவுண்ட் போட்டுத் தா. பூட்டோடை" என்றார்.

போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அம்மா ஒரு கையால் விசைப்பலகையை மறைத்துக்கொண்டு, மறு கையின் ஒற்றை விரலால் கடவுச்சொல்லை அடிப்பார். கம்பியூட்டரில் அவருக்கு நான் பழக்கியது இரண்டே இரண்டு வேலை. ஒன்று, படத்தை உள்ளே கொண்டுவந்து போடுவது. மற்றது, அதன் பெயரை மாற்றுவது. இந்தப் பெயர் மாற்றுகிற வேலையில் அம்மாவுக்கு அப்படியொரு பிரியம். கதவைச் சாத்திவிட்டு மணித்தியாலக்கணக்கில் இருப்பார்.

எட்டு வருடத்தில் எத்தனையோ சம்பந்தம் வந்தது. எல்லாம் ஒரே இடத்தில்தான் முறிந்தன. சாத்திரியாரிடம் போய்வந்து கதிரையில் இருந்து, "குறிப்புப் பொருந்தேல்லையாம் பிள்ளை" என்பார் அம்மா. எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் பேச்சே இல்லை. மாப்பிள்ளை வீட்டாரும் கோபிக்க மாட்டார்கள். கிரகத்தோடு யார் சண்டைக்குப் போவது?

எனக்குச் சாத்திரத்தில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனாலும் ஊரில் ஒவ்வொரு கலியாண வீட்டிலும் யாராவது ஒரு மாமி என்னைப் பார்த்து உச்சுக் கொட்டுவார். "பாவம், ஒண்டோடையும் சேராத சாதகம்." முதலில் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. கடைசியில், கிரகத்தில் அல்ல, என்னில்தான் ஏதோ பழுது என்று நானே நம்பத் தொடங்கிவிட்டேன்.

போன மாரியில் கந்தோரில் அடுத்த மேசைக்காரரைப் பற்றி நானாகவே வாய் திறந்தேன். அம்மா அவருடைய குறிப்பை வாங்கிக்கொண்டு, பஸ் ஏறிச் சுன்னாகத்தில் இருக்கும் சாத்திரியாரிடம் போனார். நான் வாசல் படலையடியில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தவர் குடையை மடக்கி முடிப்பதற்குள், "திறமான பொருத்தம்" என்றார். ஒருவரோடும் சேராத என் சாதகத்துக்குத் திடீரென்று எங்கிருந்து இந்த நல்ல புத்தி வந்தது என்று அதிசயப்பட்டேன். அதிசயப்பட்டதோடு சரி, துருவிக் கேட்கவில்லை. சந்தோசத்தில் இருப்பவள் எதைக் கேட்பாள்?

அந்தக் கிழமை தொடங்கி அம்மா செவ்வாய்க்கிழமைகளில் ஒரு நேரம் மட்டும் சாப்பிட்டார். கேட்டதற்கு, "பிறசர் கூடிப்போச்சு. டொக்டர் சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னவர்" என்றார். கலியாண அலைச்சலில் அதையும் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போனேன்.

அம்மா அரியாலைச் சொந்தக்காரருக்குக் கலியாணம் சொல்லப் போன ஒரு சனிக்கிழமை காலை, நான் அழிக்கும் வேலைக்கு இருந்தேன். கம்பியூட்டர் என்னுடையது என்பதால் அம்மாவின் கடவுச்சொல் தேவைப்படவில்லை. கணக்கை அழிக்கச் சொன்னதும் அது என்னிடம் ஒரு கேள்வி கேட்டது: இவருடைய கோப்புகளை வைத்திருக்கவா, அழிக்கவா?

இங்கேதான் பிழை விட்டேன். எட்டு வருடம் கந்தோர்க் கிளாக்காக இருந்தவளின் கை, கோப்பு என்ற சொல்லைக் கண்டால் "வைத்திரு" என்பதைத்தான் அமத்தும். அமத்தியும் விட்டது. அம்மாவின் கணக்கு போனது. அதற்குப் பதிலாக அம்மாவின் பெயரோடு ஒரு மஞ்சள் கோப்புறை என் திரையின் நடுவில் வந்து குந்தியது.

அதை அப்படியே அழித்திருக்கலாம். நான் அவ்வளவு நல்ல பிள்ளை இல்லை. உறையைத் திறந்தேன். உள்ளே ஒரு படத்தைக்கூடத் திறக்க வேண்டியிருக்கவில்லை. அம்மாவுக்குப் பெயர் மாற்ற மட்டும்தானே தெரியும். எழுத நினைத்ததை எல்லாம் பெயரிலேயே எழுதி வைத்திருந்தார்.

"கனடாப் பெடியன். பொருத்தம் நல்லம். குளிர். பிள்ளைக்குப் பீனிசம்."

"லண்டன் டொக்டர். பொருத்தம் திறம். தாய் ஒருத்தரையும் கதைக்க விடா."

"நோர்வே. பொருத்தம் நல்லம். ஆறு மாசம் இருட்டாம்."

"கொழும்பு எஞ்சினியர். பொருத்தம் பரவாயில்லை. நாய்க்குப் பயம். எங்கடை நாயை என்ன செய்யிறது."

முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். பாதியில் சிரிப்பு நின்று கோபம் வந்தது. நல்ல கோபம். என் சாதகம் எல்லாரோடும் பொருந்தியிருக்கிறது! அம்மாவுக்குத்தான் ஒருவரோடும் பொருந்தவில்லை. பழியைத் தூக்கிக் கிரகத்தின் தலையில் போட்டார், அது என் தலையில் வந்து விழுந்தது. அந்த மாமிமாரின் "பாவம்" எல்லாவற்றையும் எட்டு வருடம் நான் அல்லவா வாங்கிக் கட்டினேன்? வரட்டும், இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று கறுவிக்கொண்டு பட்டியலில் கீழே இறங்கிப் போனேன். கடைசியில் என்னுடையவரின் படம் இருந்தது.

"கந்தோர்ப் பெடியன். பொருத்தம் இல்லை. செவ்வாய் கூடாதாம். சாத்திரியார் வேண்டாமெண்டிட்டார். பிள்ளை இவரைப் பற்றிக் கதைக்கேக்கை சிரிக்குது. விரதம் நான் பிடிக்கிறன்."

ராகு காலத்தில் கடைக்குக்கூடப் போகாத மனுசி என் அம்மா. அவருக்குச் சாத்திரம் விளையாட்டு இல்லை. அந்தப் பயத்தை எல்லாம் தனியே விழுங்கிக்கொண்டு, குடையை மடக்க முன்னரே எனக்குச் சந்தோசத்தைச் சொல்லியிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. நாய் வந்து காலடியில் படுத்துக்கொண்டது.

பிறகு உறையை அழித்தேன். குப்பைக்கூடையையும் வெறுமையாக்கினேன். மத்தியானம் அம்மா வேர்க்க விறுவிறுக்க வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்னமே கேட்டார்.

"அழிச்சிட்டியோ?"

"ஓம்."

"உள்ளுக்கை பாக்கேல்லைத்தானே?"

"நான் ஒரு படத்தையும் திறக்கேல்லை அம்மா."

செவ்வாய்க்கிழமை காலை நான் கந்தோருக்கு வெளிக்கிடும்போது அம்மா எனக்கு மட்டும் பாணும் சம்பலும் கொண்டுவந்து வைத்தார். சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

"ஏன், உனக்கென்ன?"

"கூறைக்குத் தைச்ச சட்டை இறுக்குது. நானும் இனிச் செவ்வாய்க்கிழமையிலை ஒரு நேரம்தான்."

அம்மா என் முகத்தைப் பார்த்தார். பாணை இன்னொரு கோப்பையால் மூடிவிட்டு, எனக்குப் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தார்.