முதுகுக் காற்று

போன வாரம் சரவணம்பட்டியில் ஒரு புது வீட்டுக்குப் பால் காய்ச்சப் போயிருந்தேன். ஒன்பதாவது மாடி. சாப்பிடப் போவதற்கு முன்னால் எல்லா அறையையும் சுற்றிப் பார்த்துப் பாராட்டியாக வேண்டுமல்லவா, குளியலறைக் குழாய் வரைக்கும் பாராட்டிவிட்டுத்தான் மொட்டை மாடிப் பந்திக்கு ஏறினேன். ஆனி மாதம். மேற்கிலிருந்து வந்த காற்று முதுகில் ஓங்கி அறைந்தது. என் வலதுகைக் கட்டைவிரல் தானாக மடங்கி, அங்கே இல்லாத ஒரு பொருளின் மேல் பட்டும் படாமலும் போய் உட்கார்ந்தது. பக்கத்தில் இருந்தவர் வாதம் என்று நினைத்திருப்பார்.

வாதமில்லை. கடல் தூண்டில்.

சிரிக்காதீர்கள். கோயமுத்தூருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் எங்கள் ஊர்க்காரன் கையில் ஒரு சேஃப்டி பின்னைக் கொடுத்துப் பாருங்கள். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல சின்னதா ஒரு பேரிங் வெச்சுட்டா அருமையா இருக்குமுங்க" என்பான். தெரியாது என்று மட்டும் சொல்லமாட்டான்.

நான் அப்போது ஒரு பம்பு கம்பெனியில் டிசைன் பிரிவில் இருந்தேன். பக்கத்து மேசை தங்கவேலு. அவனுக்கும் அக்கவுண்ட்ஸில் இருந்த பிந்துவுக்கும் காதல். பிந்துவுக்குப் பொன்னானிக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் கிராமம். அவள் அப்பா வாசுதேவன் வளைகுடாவில் சம்பாதித்துத் திரும்பியவர், தூண்டில் பைத்தியம். மகள் விஷயம் காதுக்கு எட்டியதும் போனில் தங்கவேலுவைக் கூப்பிட்டார். சாதி கேட்பார், சம்பளம் கேட்பார் என்று இவன் நடுங்கிக்கொண்டிருக்க, அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"தூண்டில் எறியுமோ?"

"ஏதோ கொஞ்சமுங்க" என்றான் தங்கவேலு.

கொங்கு நாட்டில் 'ஏதோ கொஞ்சம்' என்பது சாதாரண வார்த்தை இல்லை. ஏதோ கொஞ்சம் தோட்டம் இருக்குதுங்க என்று ஒருவர் சொன்னால், மலையடிவாரம் வரைக்கும் அவருடையது என்று அர்த்தம். தங்கவேலு மட்டும் நிஜத்தைவிடக் கூட்டித்தான் சொன்னான். அவன் அதுவரை கடலையே பள்ளிக்கூடச் சுற்றுலாவில்தான் பார்த்திருந்தான். அவர் கொங்கு வழக்கம் அறிந்தவர் போலிருக்கிறது, அதே 'கொஞ்ச'த்தை மலையாளத்தில் திருப்பி, "நானும் குறச்சு எறியும். ஓணத்துக்கு முந்தி வா. ஒண்ணா எறியலாம். பின்னே கல்யாணம் பேசலாம்" என்று வைத்துவிட்டார்.

தங்கவேலு இரண்டு நாள் சாப்பிடவில்லை. பிந்து, "அப்பா மனுஷனை எடை போடறதே அதுலதான்" என்று சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள். அந்தப் பெண் கிடைப்பதும் கிடைக்காததும் அவன் தூண்டில் நுனியில் கட்டிய ஈயக்குண்டை எவ்வளவு தூரம் எறிகிறான் என்பதில் வந்து நின்றது.

உக்கடம் பழைய சாமான் கடையில் ரீல் கிடைத்தது. கப்பலில் வேலை பார்த்த யாரோ போட்டுவிட்டுப் போனதாம். கையளவு உருளை, பக்கத்தில் கைப்பிடி, உள்ளே சுற்றிய நைலான் நரம்பு. கடைக்கார பாய் அதில் விட்டிருந்த தையல் மிஷின் எண்ணெய் வாசம் இன்றைக்கும் எந்த டெய்லர் கடையைத் தாண்டினாலும் எனக்குக் கடலாகத்தான் அடிக்கிறது. "சிக்கு விழாம பாத்துக்கங்க" என்றார் பாய்.

நாங்கள் என்ன, சிக்குக்குப் பயப்படுகிறவர்களா? ஞாயிற்றுக்கிழமை சரவணம்பட்டியில், சோளம் அறுத்துக் கிடந்த பொட்டலுக்குப் போனோம். நானும் தங்கவேலுவும், லேத் செக்‌ஷன் சூப்பர்வைசர் சுப்பண்ணனும். ஈயக்குண்டுக்குப் பதிலாகப் பித்தளை நட்டு. தங்கவேலு ஓங்கி எறிந்தான். நட்டு கொஞ்ச தூரம் போய்ச் சலித்து விழுந்தது. உருளைக்கு அந்தச் செய்தி போகவில்லை, அது பாட்டுக்குச் சுற்றியது. வெளியே போக வழியில்லாத நரம்பெல்லாம் உள்ளேயே பொங்கி, தலை சீவாத பிள்ளையின் முடி மாதிரி ஆகிவிட்டது. ஹேர்பின்னால் பிரிப்பதற்குள் பொழுது சாய்ந்தது.

ஆடு ஓட்டி வந்த ஒரு அம்மா நின்று பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, இங்க என்ன மீனு கெடைக்குது?"

"பழகறோமுங்க."

"பழகுங்க, பழகுங்க. மழை பேஞ்சா கெடைச்சாலும் கெடைக்கும்" என்று சொல்லிவிட்டு, முகத்தில் ஒரு சிரிப்பும் காட்டாமல் போனார். எங்கள் ஊர் மரியாதை.

அடுத்த வாரங்களில் சுப்பண்ணன் விசாரணைக் கமிஷன் வைத்தார். உருளையில் விளிம்பு வரைக்கும் நரம்பு சுற்றக்கூடாது. உருளையின் ஓட்டத்தைப் பிடிக்கும் பக்கவாட்டுத் திருகாணியை, தொங்கவிட்ட நட்டு மெதுவாக இறங்கும் அளவுக்கு முறுக்க வேண்டும். ரீலைக் கட்டியிருந்த மூங்கில் கோலை வெடுக்கென்று வீசாமல் மெல்லத் தொடங்கி வேகம் கூட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே கட்டைவிரல். அது ஓடுகிற உருளையை விளிம்போரம் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அழுத்தவும் கூடாது, விடவும் கூடாது, நட்டு தரையைத் தொடும் கணத்தில் அமுக்கிவிட வேண்டும். மூன்று பேருக்கும் கட்டைவிரல் கொப்புளம். ஆபீஸில் கையெழுத்துப் போட முடியவில்லை.

ஆனால் பாருங்கள், சிக்கு நின்றுவிட்டது. நட்டு பறந்தது. தைரியம் வந்து திருகாணியைக் கொஞ்சம் தளர்த்தினோம். இன்னும் தூரம். இன்னும் தளர்த்தினோம். "சிக்கை ஒழிச்சுப்போட்டமுங்க. இதை எழுதி வெளிநாட்டுக்கு அனுப்போணும்" என்றார் சுப்பண்ணன். மேற்கே வேலிக்கருவை என்பதால் எப்போதும் கிழக்கே பார்த்துத்தான் எறிந்தோம் என்பதையும், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று நட்டைத் தள்ளிக்கொண்டு போனது என்பதையும், மூன்று இன்ஜினியரிங் மூளைகளும் கவனிக்கவில்லை. காற்றின் உழைப்புக்கு நாங்கள் இன்க்ரிமெண்ட் வாங்கிக்கொண்டோம்.

கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் போனால் கடல் மேற்கே இருக்கிறது. அதே காற்று அங்கே முகத்தில் அடிக்கும்.

ஓணத்துக்கு முந்தி மூன்று பேரும் அங்கே போய் இறங்கினோம். பிந்து வீட்டில் தேங்காயெண்ணெய் மணக்க அடுப்பு மூட்டிவிட்டு மீனுக்குக் காத்திருந்தாள். கரையில் நாங்கள் மூவரும் வாசுதேவனும் மட்டும். தங்கவேலு வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். அழகாகத்தான் வீசினான். ஈயக்குண்டு மேலே போயிற்று, காற்றில் முட்டி நின்றது, எங்கள் காலடி நுரையிலேயே விழுந்தது. ரீல் மட்டும் அரபு நாடு வரைக்கும் போகிற வேகத்தில் கதறிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த நரம்பு அவ்வளவும் சிக்கு.

சுப்பண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தானுங்க போச்சு. நரம்புதான் கொஞ்சம் ரோசனை பண்ணுது" என்றார்.

தங்கவேலு முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அழுதுவிடுவான் என்று பயமாக இருந்தது. வாசுதேவன் தன் பளபளக்கும் ரீலை எடுத்தார். கால் அகட்டி நின்று பெரிய வீச்சு ஒன்று வீசினார். சுப்பண்ணனுக்கு வாய் சும்மா இருக்குமா? சரியாக அந்த நொடியில், "கட்டைவெரலுங்க, கட்டைவெரலு" என்றார் பணிவாக.

குண்டு நரம்பை அறுத்துக்கொண்டு எங்கோ போனது. அவர் ரீலில் விழுந்த சிக்கு எங்களுடையதைவிடப் பெரிது.

அவர் மணலில் உட்கார்ந்தார். தங்கவேலுவும் பக்கத்தில் உட்கார்ந்தான். அவரவர் சிக்கை மடியில் வைத்து இரண்டு பேரும் பிரிக்கத் தொடங்கினார்கள். பாதிச் சிக்கு பிரிந்ததும் அவர் தலை நிமிராமலே சொன்னார்: "நான் பாலத்துல நின்னு நேரா கீழ விட்டிட்டுண்டு. எறிஞ்சதில்ல. இது ஷோகேஸ்ல இருந்ததாக்கும்."

"நானும் பொட்டல்லதானுங்க எறிஞ்சேன்" என்றான் தங்கவேலு.

"மோனே, இது ஆரும் அறியண்டா."

திரும்புகிற வழியில் சந்தையில் ஒரு நெய்மீன் வாங்கினார். வாசலில் நின்ற மகளிடம் அதைத் தூக்கிக் காட்டி, "இவன் எறிஞ்ச எறியைப் பார்க்கணும் நீ. குண்டு கண்ணுக்கே மறைஞ்சுபோயி" என்றார். பிந்து மீனை வாங்கினாள். செவுளுக்குள் ஐஸ் துண்டு மின்னிக்கொண்டிருந்தது.

"கடல் இன்னைக்கு ரொம்பக் குளிரோ?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனாள். கல்யாணம் நடந்தது.

அதற்கப்புறம் எத்தனை விசேஷம். காதுகுத்து, சடங்கு, எதுவானாலும் சாப்பாட்டுக்குப் பிறகு வாசுதேவன் தொடங்கிவிடுவார். மருமகன் எறிந்த தூரம் ஒவ்வொரு விசேஷத்துக்கும் கூடிக்கொண்டே போகும். தங்கவேலுவும் சளைக்காமல், "மாமன் எறிஞ்சாருன்னா காத்தே ஒதுங்கி நிக்குமுங்க" என்பான். ஒருவர் பொய்யை ஒருவர் தாங்கிப் பிடித்து இத்தனை வருஷம் சம்பந்தம் நடத்தினார்கள். உண்மை பேசிய பல குடும்பங்கள் கோர்ட்டுக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

போன வாரம் பால் காய்ச்சியது தங்கவேலுவின் மகள் வீடு. எங்கள் பொட்டலில்தான் அந்தக் கட்டடம் நிற்கிறது. சோளக்காடு இல்லை, ஆட்டுக்கார அம்மா இல்லை, சுப்பண்ணன் இல்லை. கீழே தரையில் காற்றும் இல்லை, சுற்றி எழும்பிய கட்டடங்கள் தடுத்துவிட்டன. வாசுதேவன் போன வருஷம் போய்விட்டார். சாப்பாடு முடிந்து எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டு பேசாமல் இருந்த ஒரு நேரம் வந்ததே, அது அவருடைய நேரம். தங்கவேலு என் பக்கம் சாய்ந்து, "என்னைப் பத்திப் பொய் சொல்றதுக்கு இருந்த ஒரே மனுசனும் போயிட்டாருப்பா" என்றான்.

அப்போது பார்த்து அவன் மகளைக் கட்டிய பையன் என்னிடம் வந்தான்.

"அங்கிள், மாமா கடல்ல எறிஞ்சதை நேர்ல பாத்தது இப்ப நீங்க ஒருத்தருதானாமா. நெசமா எவ்வளவு தூரமுங்க போச்சு?"

தங்கவேலு பாயச டம்ளருக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான். நான் எழுந்து நின்றேன். காற்று முதுகில் அடித்தது. கிழக்கே, ஐடி பார்க்குக்கும் அப்பால், மங்கலாகத் தெரிந்த ஒரு செல்போன் டவரைக் காட்டினேன்.

"அது தெரியுதா கண்ணு? அதையும் தாண்டி."